ஏழு நாள் கடிதம் வந்தபின்: கவுன்சில் வரி பாக்கிக்கு எந்த வழி?

சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்த ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்வேன், தேவைப்பட்டால் பதில் எழுதிக் கொடுப்பேன். போன குளிர்காலத்தில் ஒரு அக்கா கடைப்பை ஒன்றை மேசையில் கவிழ்த்தார். பதினொரு உறைகள். அதில் ஏழு பிரிக்கவே இல்லை. மேலே இருந்ததை மட்டும் அவருடைய பதினைந்து வயது மகன் பிரித்துப் படித்திருக்கிறான்.

"தம்பி, இதில ஏதோ வீட்டுச் சாமானை எடுக்க வருவினமாம் எண்டு மகன் சொல்லுறான். உண்மையோ?"

அது பாக்கிக்காக வீட்டுச் சாமானை எடுக்க வருகிற பெய்லிஃப் நிறுவனம் அனுப்பிய நோட்டீஸ் ஆஃப் என்ஃபோர்ஸ்மென்ட், அதாவது ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்கு வருவோம் என்ற கடிதம். கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வீட்டுக்குப் போடும் வரியில் பாக்கி 1,240 பவுண்ட், பெய்லிஃபின் கட்டணம் 75, மொத்தம் 1,315. கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் என்னென்ன செய்யலாம், எது யாருக்குப் பொருந்தும் என்பதை அவருக்குச் சொன்னதுபோலவே இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்து நடைமுறை. வேல்ஸில் சில விதிகள் வேறு, அங்கே இந்தப் பாக்கிக்காகச் சிறைக்கு அனுப்புவதை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் முறையே தனி. வட அயர்லாந்தில் கவுன்சில் வரி என்பதே கிடையாது.

பெய்லிஃப் திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. தவணை ஒன்று தவறினால் முதலில் நினைவூட்டல் வரும், ஏழு நாள் கொடுப்பார்கள். அதற்குள் கட்டாவிட்டால் தவணையில் கட்டும் உரிமை போய், அந்த ஆண்டின் முழுத் தொகையும் ஒரேயடியாகக் கேட்கப்படும். அப்புறம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைப்பாணை, அதற்கான செலவும் நம் தலையில். இந்தக் கடன் உங்களுடையது என்று நீதிமன்றம் கொடுக்கும் லயபிலிட்டி ஆர்டர் என்ற ஆணை கைக்கு வந்ததும் கவுன்சிலுக்குப் பல கதவுகள் திறக்கின்றன. சம்பளத்தில் பிடிக்கலாம், யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகையில் பிடிக்கலாம், பெய்லிஃபிடம் கொடுக்கலாம். பாக்கி 1,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் சொந்த வீட்டின்மீது கடன் பதியக் கேட்கலாம், 5,000 தாண்டினால் திவால் வழக்குப் போடலாம். வேண்டுமென்றே கட்டாமல் விட்டார் என்று நீதிமன்றம் முடிவு செய்தால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அது அரிது, ஆனாலும் சட்டத்தில் இன்னும் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பெய்லிஃபை அனுப்புவது கவுன்சில் தேர்ந்தெடுக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. லண்டனின் ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் 2018-இல் கவுன்சில் வரிக்குப் பெய்லிஃப் அனுப்புவதையே விட்டுவிட்டது. ஆகவே "எங்கள் கையில் ஒன்றுமில்லை, பெய்லிஃபோடு பேசுங்கள்" என்று கவுன்சில் தொலைபேசியில் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு போனை வைக்காதீர்கள். கொடுத்த கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர்களால் முடியும். பெய்லிஃப் செய்வதற்கு, புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மனிடம் பதில் சொல்ல வேண்டியதும் கவுன்சில்தான்.

அடுத்து அந்தக் கட்டணப் படிக்கட்டு. 2014 விதிகளின்படி, கோப்பு பெய்லிஃபிடம் போன உடனே 75 பவுண்ட். ஏழு முழு நாள் கழிந்து வீட்டுக்கு வந்தால் இன்னும் 235. பொருளை எடுத்து விற்கும் கட்டத்துக்குப் போனால் மேலும் 110. பாக்கி 1,500 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் நூற்றுக்கு ஏழரை இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் சேரும். (இவை 2014-இல் வைத்த தொகைகள், மாறியிருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தொகையையே கணக்கில் எடுங்கள்.) அக்காவின் 1,240 கடிதத்தில் 1,315 ஆகிவிட்டது. ஒருவர் வந்து கதவைத் தட்டினால் 1,550. விற்பனைக் கட்டம் என்றால் 1,660. ஏழு நாள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்த 235-க்காகத்தான். அதில் ஞாயிற்றுக்கிழமையும் வங்கி விடுமுறையும் சேராது. எத்தனை முறை வந்தாலும் அந்தக் கட்டணம் ஒருமுறைதான்.

எந்த வழியை எடுப்பது என்று பார்ப்பதற்கு முன் அந்தக் கடன் உண்மையில் உங்களுடையதா, அவ்வளவுதானா என்று பாருங்கள். நான் பார்த்த கடிதங்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டில் அறை அறையாகத் தனித்தனி ஆட்கள் வாடகைக்கு இருந்தால், பொதுவாக வரி கட்ட வேண்டியது வீட்டுச் சொந்தக்காரர். "கவுன்சில் டாக்ஸ் நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்று அவர் சொன்னதாலேயே அது சட்டமாகிவிடாது. தனியாக இருக்கும் பெரியவருக்கு 25 சதவீதக் கழிவு உண்டு, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வீட்டுக்கு வரியே இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்குக் கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன் இருக்கிறது. 2013-இலிருந்து ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென்று ஒரு திட்டம் வைத்திருப்பதால் பக்கத்துப் பகுதியில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கும் என்று இல்லை. வேலை விசாவில் வந்தவர்கள், முக்கியமாகப் பராமரிப்பு வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பொது நிதி எடுக்கக்கூடாது என்று விசாவில் இருந்தால் இந்த ரிடக்‌ஷன் அந்தத் தடைக்குள் வரும். ஆனால் தனியாள் கழிவு அதில் சேராது, அதைத் தயங்காமல் கேட்கலாம்.

நீதிமன்றச் செலவு என்று சேர்த்த தொகையையும் கேள்வி கேட்கலாம். டொட்டன்ஹாமில் பால் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற பாதிரியார், ஹாரிங்கே கவுன்சில் போட்ட 125 பவுண்ட் செலவு எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார். 2015-இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஏழைகளுக்காகவே அந்த வழக்கை நடத்திய மனிதர் அவர். நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் பகுதி அது, ஆனாலும் அவர் பெயரைத் தெரிந்த தமிழர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, கடன் நம்முடையதுதான், தொகையும் சரிதான். இப்போது என்ன செய்வது?

முழுத் தொகையையும் ஏழு நாளுக்குள் கட்ட முடிந்தால் 75 பவுண்டோடு கதை முடியும். வட்டியில்லாமல் கைமாற்றுத் தர அண்ணனோ தங்கையோ இருந்தால், வெட்கத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கேளுங்கள். இதைவிட மலிவான வழி கிடையாது. சீட்டு எடுத்துக் கட்டுவது வேறு கதை. பன்னிரண்டு பேர், ஆளுக்கு 200 பவுண்ட், 2,400 பவுண்ட் சீட்டு என்று வையுங்கள். அவசரத்துக்கு முதல் மாதங்களில் ஏலத்தில் எடுத்தால் 400 பவுண்ட் கழிவு போவது புதிதல்ல. பெய்லிஃபின் இரண்டு கட்டணத்தையும் சேர்த்தாலே 310தான். அந்தக் கட்டணத்துக்குப் பயந்து 400 கழிவில் சீட்டு எடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. அதற்குமேல் மாதம் 200 கட்டும் பொறுப்பும் வந்துவிடுகிறது, அது தவறினால் கோவிலில் முகம் பார்க்க முடியாது. நகை அடகும் ஏறக்குறைய அப்படித்தான். மீட்கும் தேதி நிச்சயமாகக் கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். கிரெடிட் கார்டில் எடுத்துக் கட்டுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அப்படிக் கட்டிவிட்டு அடுத்த ஆண்டு இரண்டு கடனோடு அதே மேசைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பெய்லிஃபோடு தவணை பேசுவது. எல்லோரும் முதலில் செய்வது இதுதான், ஏனென்றால் கடிதத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அவர்களுடைய எண். ஏழு நாளுக்குள் பேசி, தொலைபேசியிலேயே தவணை ஒத்துக்கொண்டு, எழுத்தில் வாங்கினால் 235 சேராது. மாதம் 100 என்றால் 1,315 முடியப் பதினான்கு மாதம் ஆகும். அவர்கள் பெரும்பாலும் அவ்வளவு காலத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை, மூன்று மாதம், ஆறு மாதம் என்று நெருக்குவார்கள். இங்கேதான் மனிதர்கள் தவறுகிறார்கள். பயத்தில் மாதம் 250 கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாதமே முடியாமல் போகும். ஒப்பந்தம் உடைந்தால் அடுத்த படி அந்த வீட்டு வருகை. கூடவே இந்த ஆண்டின் வரித் தவணையும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்ட முடிகிற தொகையை மட்டும் சொல்லுங்கள், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே தொகையை எழுத்தில் கவுன்சிலுக்கு அனுப்புங்கள்.

நான் எப்போதும் முதலில் முயற்சி செய்வது கோப்பைக் கவுன்சில் திரும்ப வாங்கும்படி கேட்பதைத்தான். அதற்குப் பிடி வேண்டும். 2014-இல் நீதி அமைச்சு வெளியிட்ட பெய்லிஃப்களுக்கான தேசிய நெறிமுறையில், பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முதியவர், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி, அண்மையில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், கர்ப்பிணி, வேலையில்லாதவர் என்று போகிறது. அதோடு, ஆங்கிலம் பேசவோ படிக்கவோ புரிந்துகொள்ளவோ வெளிப்படையாகச் சிரமப்படுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது நம்பாதவர்கள் பலர். ஆங்கிலம் தெரியாததை ஒரு குற்றம்போல மறைத்தே பழகிவிட்டோம், இங்கே அதை எழுத்தில் சொல்வதுதான் பாதுகாப்பு. உங்கள் நிலை இந்தப் பட்டியலில் எதில் பொருந்துகிறது, பிரித்த கடிதம் எது, பிரிக்காதது எது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, வரவுசெலவுக் கணக்கையும் சேர்த்து, கவுன்சிலுக்கும் பெய்லிஃபுக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கவுன்சில் திரும்ப வாங்கினால் அடுத்து வரக்கூடியது சம்பளப் பிடிப்பு. ஒரு ஆணைக்கு ஒரே நேரத்தில் ஒரு வழியில்தான் வசூலிக்க முடியும் என்பதால், சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கினால் அந்த ஆணைக்குப் பெய்லிஃப் வரமாட்டார். கட்டணமும் ஏறாது, முதலாளி தன் செலவுக்கென்று ஒவ்வொரு முறையும் ஒரு பவுண்ட் எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் இது நல்லது என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் பிடிக்கும் வீதத்தைப் பேரம் பேச முடியாது. இங்கிலாந்தில் 2007-இல் வகுத்த அட்டவணை அது. கையில் வரும் மாதச் சம்பளம் 900-க்கு மேல் 1,420 வரை என்றால் முழுச் சம்பளத்திலும் 12 சதவீதம். 1,420-க்கு மேல் 2,020 வரை என்றால் முழுச் சம்பளத்திலும் 17 சதவீதம். அதற்கு மேலே என்றால் 2,020-க்கு 17 சதவீதமும், அதைத் தாண்டும் ஒவ்வொரு பவுண்டிலும் பாதியும்.

கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 1,400 வாங்குகிறவருக்கு மாதம் 168 போகும். 1,450 வாங்கினால் 246 பவுண்ட் 50 பென்ஸ். ஐம்பது பவுண்ட் சம்பளம் கூடியதற்குப் பிடிப்பு ஏறக்குறைய எண்பது கூடுகிறது. 2,400 வாங்குகிறவருக்கு 533 பவுண்ட் 40 பென்ஸ். லண்டன் வாடகையில் இருக்கிறவருக்கு அது இடி. ஆகவே என் கணக்கு இப்படி: 1,420-க்குள் சம்பளம் என்றால் சம்பளப் பிடிப்பை நீங்களாகவே கேட்கலாம். இரண்டாயிரத்தைத் தாண்டினால் கவுன்சிலோடு நேரடித் தவணைக்குப் போராடுங்கள். நடுவில் இருப்பவர்கள் வாடகை போக மிஞ்சுவதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வேலை இடத்தில் தெரிந்துவிடும் என்ற கூச்சம் பலரைத் தடுக்கிறது. சம்பளக் கணக்கு எழுதுகிற ஒருவருக்குத் தெரியும், அதுதான். வாசலில் வண்டிக்குப் பூட்டுப் போட்டால் தெரு முழுக்கத் தெரியும். சொந்தக் கடை வைத்திருப்பவர்களுக்கும் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் பிடிக்கச் சம்பளமே இல்லாததால் இந்த வழி கிடையாது.

கவுன்சில் வரி மட்டுமல்ல, கேஸ் பாக்கி, கார்டு, வாடகை என்று எல்லாம் சேர்ந்து நெரித்தால் ப்ரீதிங் ஸ்பேஸ் என்ற ஒன்று 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அனுமதி பெற்ற கடன் ஆலோசகர் மூலம் பதிந்தால் 60 நாளுக்குப் பெய்லிஃப் உட்பட எல்லாரும் நிற்க வேண்டும், வட்டியும் கட்டணமும் ஏறக்கூடாது. பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறைதான் கிடைக்கும். அது கடனைக் குறைப்பதில்லை, மூச்சு விடத்தான் நேரம் தருகிறது. அதனால் ஒரே ஒரு பாக்கி இருப்பவர் இதைச் செலவழிக்க வேண்டியதில்லை. பல கடன் இருப்பவருக்கு இதுதான் முதல் கதவு. சொந்த வீடு இல்லை, மாதம் எல்லாம் போக 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சுவதில்லை, சேமிப்பும் இல்லை என்றால் அந்த ஆலோசகர் டி.ஆர்.ஓ. (டெட் ரிலீஃப் ஆர்டர், கடனைத் தள்ளுபடி செய்யும் ஆணை) பற்றிச் சொல்வார். 50,000 பவுண்ட் வரை கடன் உள்ளவர்களுக்கு அது பொருந்தும், 2024 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணமும் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் மூன்றும் காசு வாங்காமல் இதில் உதவுகின்றன. காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள், அவர் தமிழ் பேசினாலும் சரி.

கதவைத் திறக்காமலே இருந்துவிடுவது? இது ஒரு வழி என்றே பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. கவுன்சில் வரிக்கு வருகிற பெய்லிஃப் முதல் முறை வீட்டுக் கதவை உடைக்க முடியாது, காலை ஆறு மணிக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் வரக்கூடாது, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டும் இருந்தால் திரும்பிப் போக வேண்டும். ஆனால் பூட்டாத கதவைத் திறந்துகொண்டு வரலாம், வெளியே நிற்கும் உங்கள் வண்டியைப் பூட்டலாம். கதவை மூடி வைத்துக்கொண்டு கவுன்சிலோடு பேசினால் அது ஒரு திட்டம். மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் கோப்பு ஒருநாள் கவுன்சிலுக்குத் திரும்பிப் போகும், அதற்குப் பிறகு வீட்டின்மீது பதிவு, திவால் என்று போகலாம். வாடகைக்கு இருப்பவரைவிடச் சொந்த வீடு உள்ளவருக்கு இதில் ஆபத்து அதிகம்.

நான் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்து ஆண்டுக்கு முன் எங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்தார். மழை, பாவம் நனைகிறாரே என்று என் மனைவி உள்ளே கூப்பிட்டுவிட்டாள். அவர் வரவேற்பறையில் நின்றபடி எழுதத் தொடங்கினார். டிவி, சோபா, மேசை, ஜன்னலோரத்தில் இருந்த தையல் மெஷின். ஊசிக்குக் கீழே அடுத்த நாள் கொடுக்க வேண்டிய சேலை பிளவுஸ் ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது. கையெழுத்துப் போட்டால் இன்றைக்கு ஒன்றையும் எடுக்கமாட்டேன் என்றார், போட்டோம். அது கன்ட்ரோல்ட் குட்ஸ் அக்ரிமென்ட் என்பதும், தவணை தவறினால் அடுத்த முறை கதவை உடைத்தும் வரலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவள் பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்கிற மெஷின் அது. தொழில் சாமான்கள் 1,350 பவுண்ட் வரை எடுக்கக்கூடாதவை. கட்டில், படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், தொலைபேசியும் அப்படித்தான். எங்களுக்கு அது தெரியாது. எட்டு மாதம் அந்தப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கியது.

அந்த அக்காவின் ஏழு உறைகளையும் அன்றைக்கே மண்டபத்தில் வைத்துப் பிரித்தோம். நான்காவது உறையில் இருந்தது முந்தின ஆண்டு வந்த ஒரு படிவம். நீங்கள் இன்னும் தனியாகத்தான் இருக்கிறீர்களா என்று கவுன்சில் கேட்டிருந்தது. பதில் போகாததால் 25 சதவீதக் கழிவை நிறுத்திவிட்டார்கள். 1,800 பவுண்ட் பில்லில் அது 450. பாக்கியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அவர் கட்ட வேண்டியதே இல்லாத பணம்.

அந்தப் படிவத்தையும் மகனின் பள்ளிக் கடிதத்தையும் சேர்த்து, தேசிய நெறிமுறையில் அவர் எந்தெந்த வரியில் வருகிறார் என்பதையும் எழுதி, திங்கட்கிழமை காலை அனுப்பினோம். புதன்கிழமை இரண்டு முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. வியாழக்கிழமை கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், 75 பவுண்ட் கட்டணமும் ரத்தானது. மிச்சம் 790. கையில் வரும் சம்பளம் 1,350 என்பதால் சம்பளப் பிடிப்பையே கேட்கச் சொன்னேன். மாதம் 162, ஐந்து மாதம்.

இந்த ஆண்டின் வரியைப் பத்துத் தவணையில் இல்லாமல் பன்னிரண்டில் கட்டுவதற்கும் அதே மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டோம். இப்போது கடிதம் வந்தால் அந்தப் பிள்ளை பிரிப்பதில்லை. அக்காவே பிரித்து, தேதியை வட்டம் போட்டு, சனிக்கிழமை கொண்டுவருகிறார்.